பாலைநிலத்து ஏரிகள் வற்றுவதற்குச் சிங்கப்பூரிடம் மருந்து இருக்கிறதா?

குழாயடி | சனி, காலை 8.40

சென்ற வாரம் எங்கள் வட்டார நூலகத்தில் நடந்த சந்திப்பில் நண்பர் ஒருவர் ஏரல் கடலின் இரண்டு படங்களை அடுத்தடுத்துத் திரையில் காட்டினார். கஸகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே கிடந்த அந்த உப்பேரி, 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. நம் தீவைப் போலத் தொண்ணூறு மடங்கு. 2014ஆம் ஆண்டுப் படத்தில் அதன் கிழக்குப் படுகை முழுவதும் வெளிறிய தரையாகக் கிடந்தது. பார்த்தவர்கள் "பருவநிலை மாற்றம்" என்று சொல்லித் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

நான் நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் கணிப்பில் பாலைநிலத்து ஏரிகளைக் கெடுத்தது வானம் அன்று, நிர்வாகம். தண்ணீருக்கு உரிய விலை வைக்காத ஊரில் எந்த ஏரியும் நிலைக்காது. 1963ஆம் ஆண்டில் பங்கீட்டுத் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற நாடு நம்முடையது. இன்று 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 2003 முதல் பயன்படுத்திய நீரையே புதுநீராக மீட்கிறோம். 2005 முதல் கடல்நீரையும் குடிநீராக்குகிறோம். 2024, 2025 ஏப்ரல்களில் விலை உயர்ந்து கனமீட்டருக்கு 3.24 வெள்ளியானபோது முணுமுணுத்தோம் என்றாலும், குழாயை இறுக்கி மூடவும் கற்றுக்கொண்டோம். விலை, மறுசுழற்சி, ஒழுகலைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் அங்கே கொண்டுசென்றால் ஏரிகள் திரும்பும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைமடைக்காரன் | சனி, காலை 10.15

குழாயடி ஐயா அவர்களுக்கு வணக்கம். வானத்தின் மேல் பழி போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது சரியன்று என்பதில் உங்களோடு நிற்கிறேன். அதற்கு அடுத்த அடியிலேயே விலகிவிடுகிறேன்.

ஏரல் கடலை வற்றவைத்தவர்கள் குழாயைத் திறந்துபோட்ட குடும்பங்கள் அல்லர். பாமீர், தியான் ஷான் மலைகளிலிருந்து இறங்கும் ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளே அதற்கு ஊற்று. 1960 வாக்கில் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கன கிலோமீட்டருக்குக் குறையாத நீரைக் கொண்டுவந்து சேர்த்தன. சோவியத் அரசு பாலைவனத்தில் பருத்தி விளைவிக்க முடிவெடுத்து, துர்க்மெனிஸ்தானில் 1954இல் தொடங்கிய காராகும் கால்வாய் உட்படப் பல கால்வாய்களை வெட்டி, பாசனப் பரப்பைச் சுமார் 45 இலட்சம் ஹெக்டேரிலிருந்து 70 இலட்சத்துக்கும் மேலாக விரித்தது. 1980களின் சில ஆண்டுகளில் ஆற்று நீர் ஏரியை எட்டவே இல்லை. ஏரி வற்றும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மீனைவிடப் பஞ்சுக்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். ஆகவே நிர்வாகம் இல்லாததால் அன்று, மிகத் திறமையான நிர்வாகம் இருந்ததால்தான் அந்த ஏரி செத்தது.

இனி உங்கள் மருந்துக்கு வருகிறேன். வறண்ட நிலத்துப் பருத்திக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு அது 10,000 கனமீட்டர். நம் விலையில் 32,400 வெள்ளி. அந்த ஹெக்டேரில் விளைந்த பஞ்சு முழுவதையும் விற்றாலும் இதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. கடல்நீரைக் குடிநீராக்கிப் பாய்ச்சினால் கனமீட்டருக்கு 3.5 யூனிட் மின்சாரம் என்ற கணக்கில் 35,000 யூனிட் ஆகும். எட்டு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் ஓராண்டு முழுவதும் எரிக்கும் மின்சாரத்தை ஒரேயொரு ஹெக்டேர் குடித்துவிடும். நம்மிடம் இந்தக் கணக்கு எழாததற்குக் காரணம் நம் சிக்கனம் மட்டுமன்று. நம்மிடம் வயல் இல்லை. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் கப்பலிலும் லாரியிலும் வருகிறது. அரிசியும் கோழியும் உடுப்பும் குடித்த தண்ணீர் வேறொருவர் ஆற்றில் கழிந்துவிட்டது. அந்தத் தண்ணீர் நம் மாதாந்திரப் பயனீட்டுக் கட்டண ரசீதில் ஒருபோதும் வருவதில்லை.

தேக்கா ஜவுளி | சனி, பகல் 12.50

தம்பி, பஞ்சு என்ற சொல் வந்ததும் நானும் எட்டிப் பார்க்கிறேன். சிராங்கூன் சாலையில் முப்பது ஆண்டாகத் துணி விற்கிறவள். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டு எல்லாரும் பாலியெஸ்டருக்கு மாறினால் அந்த நூல் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மானாவாரிக் கரிசலில் விளைந்த பஞ்சும் பாலைவனத்தில் ஆற்றைத் திருப்பி விளைத்த பஞ்சும் ஒன்றல்ல. அந்தச் சராசரி இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உஸ்பெகிஸ்தான் பஞ்சை வாங்க மாட்டோம் என்று உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் பல ஆண்டுகள் புறக்கணித்தன. 2022 மார்ச்சில்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. மக்களைக் கட்டாயப்படுத்தி வயலில் இறக்கிப் பறிக்கவைத்ததற்காக எழுந்த புறக்கணிப்பு அது. பறித்த கைகளுக்காகச் செய்தார்கள், நியாயம்தான். ஏரிக்காக ஒருவரும் ஒரு கஜம் துணியைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

குழாயடி | சனி, மாலை 6.05

கடைமடைக்காரனின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது என் வாதத்தின் ஒரு காலை மட்டுமே வெட்டுகிறது. பருத்திக்குக் கடல்நீரை மாற்றிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயலும் உள்ள ஒரு பாலைநாட்டை எடுத்துக்கொள்வோம். இஸ்ரேல் தன் கழிவுநீரில் 90 விழுக்காட்டுக்கு அருகே மீட்டு வேளாண்மைக்குக் கொடுக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் அங்கே வீட்டுச் சொல். மத்தியதரைக் கடலோரத்தில் பெரும் கடல்நீர் ஆலைகளை நிறுவி, அந்த நீரைக் கலிலேயக் கடல் என்ற நன்னீர் ஏரிக்குள்ளேயே விடத் தொடங்கியிருக்கிறார்கள். பயிர் செய்துகொண்டே ஏரியையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

புவியியல் ஆசிரியை | சனி, இரவு 9.30

இருவருமே ஏரலை மட்டும் பார்த்துவிட்டு எல்லா ஏரிகளுக்கும் தீர்ப்பு எழுதுகிறீர்கள். தொடக்கக் கல்லூரியில் இப்பாடத்தை நடத்துபவள் என்ற முறையில் ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை நினைவூட்டுகிறேன். சாட், நைஜர், நைஜீரியா, கேமரூன் ஆகிய நான்கு நாடுகள் சூழ்ந்த அந்த ஏரி 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்தது. 1980களின் நடுவில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. அங்கே முதன்மைக் காரணம் வாய்க்கால் அன்று. 1970களிலும் 80களிலும் சகாராவின் தென்விளிம்பான சாகேல் வட்டாரத்தை வாட்டிய நெடும் வறட்சிதான். ஏரிக்கு வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தெற்கேயிருந்து சாரி ஆறும் அதில் கலக்கும் லோகோனும் கொண்டுவருகின்றன. அங்கே மழை பொய்த்ததும் ஏரி இறங்கியது. பின்னர் மழை ஓரளவு திரும்பியபோது ஏரியும் ஓரளவு திரும்பியது. நாணலும் புதரும் நீரை மூடியிருப்பதால் படத்தில் சிறியதாகத் தெரிகிறது. "சாட் ஏரி 90 விழுக்காடு மறைந்துவிட்டது, இன்னும் மறைந்துகொண்டிருக்கிறது" என்று என் மாணவர்கள் கட்டுரையில் எழுதும்போதெல்லாம் முற்பாதிக்கு ஆண்டு குறிப்பிடச் சொல்லியும் பிற்பாதியை அடித்தும் திருத்துகிறேன்.

ஈரானின் உர்மியா ஏரியோ இடைப்பட்டது. வறட்சியும் வந்தது, அதே காலத்தில் அணைகளும் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. 2019இல் நல்ல மழையில் ஏரி ஏறி, பிறகு மீண்டும் இறங்கியது. எனவே முதலில் கேட்க வேண்டியது, எந்த ஏரி என்பதே.

கடைமடைக்காரன் | ஞாயிறு, காலை 7.20

ஆசிரியை அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். சாட் ஏரியை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஐயா சொன்ன இஸ்ரேலுக்கு வருகிறேன், ஏனென்றால் அவருடைய சான்றிலேயே என் வாதம் இருக்கிறது. கலிலேயக் கடலிலிருந்து ஜோர்தான் ஆறு தெற்கே இறங்கிச் சாக்கடலில் முடிகிறது. அந்தச் சாக்கடல் இன்று ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. கரையோரத்தில் நிலம் திடீரென்று உள்வாங்கிப் பள்ளங்கள் விழுகின்றன. இஸ்ரேல் 1964 முதல் கலிலேயக் கடலின் நீரைக் குழாய்வழியே தெற்குக்குக் கொண்டுபோனது. ஜோர்தானும் சிரியாவும் துணையாறுகளைத் தேக்கின. இரு கரையிலும் பொட்டாஷ் எடுக்கும் ஆலைகள் சாக்கடல் நீரையே பாத்திகளில் காயவிடுகின்றன. செங்கடலிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தையும் 2021இல் கைவிட்டுவிட்டார்கள். உலகிலேயே தண்ணீரை மிகக் கவனமாகச் செலவழிக்கும் நாடு ஒரு கரையில் இருக்கிறது. இருந்தும் அந்த ஏரி இறங்குகிறது. மிச்சம் பிடித்த நீர் எங்கே போனது? அடுத்த வயலுக்கும் அடுத்த நகரத்துக்கும் போனது. ஏரிக்குப் போகவில்லை.

நான் காவிரிப் படுகையின் கடைசி முனையில், வேதாரண்யம் பக்கம் பிறந்தவன். வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூரைத் திறப்பார்கள். திறந்த செய்தி வானொலியில் அன்றே வந்துவிடும்; தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரப் பல நாள் ஆகும், சில ஆண்டுகளில் வந்து சேராது. தலைமடையில் இருப்பவர் சிக்கனமானால் எங்களுக்கு வரும் என்று என் அப்பா ஒருநாளும் நம்பியதில்லை. தலைமடையில் சிக்கனமானால் தலைமடையில் இன்னும் இரண்டு மா நடுவார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்த ஆண்டுகளெல்லாம் முறைவைத்துப் பாய்ச்சிய ஆண்டுகள். இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் எனக்கு என்று எழுதி, மடையில் ஆள் நின்ற ஆண்டுகள்.

போக்கிடம் இல்லாத பாலை ஏரி என்பது ஆற்றின் கடைமடை. ஆறு கொண்டுவருவதும் வெயில் குடிப்பதும் சமமாக இருக்கும்வரை அது நிற்கும். அதற்கென்று முறையில் ஒரு பங்கு எழுதப்படாதவரை, நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு சொட்டும் அதற்கு மேலேயே தீர்ந்துவிடும். பங்கு எழுதிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1941 முதல் திருப்பிக்கொண்டது. அந்த ஏரி பொதுமக்களுக்காக அரசு காக்க வேண்டிய சொத்து என்று 1983இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. 1994இல் நீர்வாரியம் கடல்மட்டத்துக்கு மேல் 6,392 அடி என்று ஏரிக்கு ஒரு மட்டத்தைக் குறித்து, அதை நோக்கி ஏறும்வரை நகரம் எடுக்கும் நீருக்கு வரம்பு கட்டியது. அந்த மட்டத்தை ஏரி இன்னும் தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் செத்துப்போகவும் இல்லை. அதே நகரம் 1913இல் கட்டிய கால்வாயால் வற்றிய ஓவன்ஸ் ஏரிக்கு அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. அதன் படுகையிலிருந்து எழும் புழுதியை அடக்க அந்நகரம் 200 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் செலவழித்திருக்கிறது.

உட்லண்ட்ஸ் வாசி | ஞாயிறு, காலை 9.10

பங்கு, முறை, எழுத்து என்றெல்லாம் பேசுகிறீர்கள். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் நீரை மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து 1,000 கேலனுக்கு 3 மலேசியக் காசு என்ற விலையில் எடுக்கும் நாமே ஒரு தலைமடைக்காரர் இல்லையா? அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?

நெறியாளர் | ஞாயிறு, காலை 9.45

ஜோகூர் விலை பற்றிய இழை தனியாக இருக்கிறது; அங்கே எழுதவும். இங்கே பாலை ஏரிகள் மட்டும்.

குழாயடி | ஞாயிறு, பகல் 2.30

நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஒரு வரி மட்டும். 2016 அக்டோபரில் ஜோகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது எங்கள் துறையில் எவரும் சரியாகத் தூங்கவில்லை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் வட்டாரத்திலேயே அந்த நிலை. பாலையில் இருப்பவரின் அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்பவன் அல்லேன்.

மோனோ ஏரிக்குப் பங்கு எழுத முடிந்தது ஏன் என்று கடைமடைக்காரன் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்துக்கு மாற்று இருந்தது. குறைந்த நீரில் கழுவும் கழிவறைத் தொட்டிகளும், மீட்ட கழிவுநீரும், ஒழுகாத குழாயும் இருந்ததால்தான் லாஸ் ஏஞ்சலிஸ் அந்தத் தீர்ப்பைத் தாங்கியது. அந்த மாற்றைக் கொடுத்தது என் தொழில். மாற்று இல்லாத ஊரில் நீதிமன்றம் எழுதும் பங்கை எவனும் மதிக்க மாட்டான். தொழில்நுட்பம் போதாது என்கிறீர்களா, ஏற்கிறேன். தேவையில்லை என்றால் ஏற்க மாட்டேன்.

அடுத்து, ஏரலிலேயே பொறியியல் வென்ற இடம் ஒன்றை இருவரும் சொல்லாமல் விட்டீர்கள். ஏரி இரண்டாகப் பிரிந்தபின், வடக்கே எஞ்சிய சிறு ஏரலைக் காக்க உள்ளூர் மக்கள் 1992இல் மணலால் ஒரு கரை போட்டார்கள். 1999இல் அது உடைந்தது. 2005இல் உலக வங்கியின் கடனுதவியோடு கஸகஸ்தான் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. பல ஆண்டுகள் ஆகும் என்று நினைத்த நீர்மட்டம் ஓராண்டுக்குள் கடல்மட்டத்துக்கு மேல் 42 மீட்டரை எட்டியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் ஆற்றிலிருந்து இறங்கி வந்தன, ஆரால்ஸ்க் பக்கத்து ஊர்களில் படகுகள் மீண்டும் இறங்கின. ஒரு கரையும் ஒரு மதகும் செய்த வேலை இது.

புவியியல் ஆசிரியை | ஞாயிறு, மாலை 5.15

அணையின் வெற்றி உண்மை. அதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2019இல் உஸ்பெகிஸ்தான் பக்கமுள்ள மொய்னாக்குக்குச் சென்றேன். ஒருகாலத்தில் துறைமுகம்; இப்போது ஏரியின் கரை அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். துருப்பிடித்த மீன்பிடிப் படகுகளை மணலில் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்; இளைஞர்கள் அவற்றின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏரி பின்வாங்கிய பிறகும் அவ்வூர்த் தகரடப்பி ஆலை மூடாமல் இருக்க, தொலைதூரக் கடல்களில் பிடித்த மீனை உறையவைத்து ரயிலில் கொண்டுவந்து அடைத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காற்று எழுந்தபோது கண் எரிந்தது. ஏரிப்படுகையில் படிந்த உப்போடு, பருத்தி வயல்களிலிருந்து பல பத்தாண்டுகள் வடிந்து வந்த பூச்சிமருந்தும் அந்தப் புழுதியில் கலந்திருக்கிறது. அது வயல்களிலேயே போய்ப் படிகிறது. உப்பேறிய வயலைக் கழுவக் குளிர்காலத்தில் மேலும் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அந்த நீரும் ஆற்றிலிருந்தே வருகிறது. இந்தச் சுழல் எந்தக் குழாய்க் கட்டணத்திலும் அடங்காது. கோக்-ஆரல் அணை சிர் தாரியாவின் நீரை வடக்கே பிடித்துவைக்கிறது என்றால், தெற்கு ஏரலுக்குச் சேரும் மிச்சம் குறைகிறது என்று பொருள். கஸகஸ்தான் தன் பகுதியைக் காப்பாற்றிக்கொண்டது. மொய்னாக் பக்கம் இப்போது சாக்சால் என்ற பாலைப்புதரை நட்டுப் புழுதியை அடக்கப் பார்க்கிறார்கள். அங்கே ஏரி திரும்பும் என்ற பேச்சை நான் கேட்கவில்லை.

தேக்கா ஜவுளி | ஞாயிறு, இரவு 8.00

டீச்சர் சொன்னதைப் படித்ததும் திருப்பூரின் நொய்யல் ஆறு நினைவுக்கு வந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் சரக்கு தட்டிப்போய், நீதிமன்றத்தைத் திட்டித் தீர்த்தோம். பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாறின. விலை கொஞ்சம் ஏறியது, வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். குழாயடி ஐயா சொல்லும் இயந்திரமும் தம்பி சொல்லும் உத்தரவும் அங்கே சேர்ந்தே வந்தன. ஆனால் உத்தரவு முதலில் வந்தது.

குழாயடி | ஞாயிறு, இரவு 10.20

அந்த வரிசையைப் பற்றி அம்மாவோடு நான் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் கடைமடைக்காரனிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஆப்கானிஸ்தான் 2022 முதல் ஆமு தாரியாவிலிருந்து கோஷ் தெபா என்ற 285 கிலோமீட்டர் கால்வாயை வெட்டிவருகிறது. முழுமையாக ஓடத் தொடங்கினால் ஆற்றில் ஐந்தில் ஒரு பங்கை எடுக்கக்கூடும் என்கிறார்கள். 1992இல் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகள் ஆற்றைப் பகிர்ந்துகொண்ட உடன்பாட்டில் ஆப்கானிஸ்தான் இல்லவே இல்லை. அந்த மக்களுக்குச் சோறு வேண்டும். அவர்களிடம் போய் "ஏரிக்குப் பங்கு எழுதுங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாற்பது ஆண்டு போரில் அடிபட்டவர்கள். பருத்தி விளைத்து ஏரியை வற்றவைத்தவர்கள் வேறு ஆட்கள். நான் ஒரு பொறியாளனாகப் பேசினால், மண்ணை வெறுமனே தோண்டிப்போட்ட அந்தக் கால்வாய்க்குக் காரை பூசச் சொல்வேன். காராகும் கால்வாயில் மணல் குடித்த தண்ணீரே பெரிது. கசிவை நிறுத்தினால் அதே வயலுக்குக் குறைந்த நீர் போதும், ஆற்றிலும் மிஞ்சும். எவரும் எவருடைய உரிமையிலும் கைவைக்க வேண்டியதில்லை.

கடைமடைக்காரன் | திங்கள், காலை 6.50

ஐயா, ஆப்கானியர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் அந்த ஆற்றின் கரைக்காரர்கள், இத்தனை காலம் அதிகம் மடை திறக்காதவர்கள். குறைக்க வேண்டியவர்கள் முதலில் துர்க்மெனிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும்தான்.

காரை பூசுவதை எதிர்க்கவில்லை. ஆனால் 285 கிலோமீட்டருக்குக் காரை பூசி மிச்சமாகும் நீர் ஆற்றிலேயே நிற்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? மடைக்காரன் கண்ணில் மிச்சம் என்று ஒன்று கிடையாது, இன்னும் நனையாத நிலம்தான் உண்டு. கசிந்த நீரில் ஒரு பகுதி வழியோரக் கிணறுகளில் ஊறுகிறது என்பதால், கசிவை அடைத்ததும் அந்தக் கிணற்றுக்காரரும் கால்வாய்க்கே வந்து நிற்பார். மிச்சத்தில் எவ்வளவு காபூலுக்கு, எவ்வளவு உஸ்பெகிஸ்தானின் நுகூஸுக்கு, எவ்வளவு ஏரிக்கு என்று அந்த ஐந்து நாடுகளும் ஆப்கானிஸ்தானும் முதலில் எழுதிக்கொள்ளட்டும். அளவுகோலை மடையில் நடட்டும். பிறகு காரை பூச உங்களைப் போன்றவர்களை அழைக்கட்டும். அப்போது நீங்கள் கேட்கும் கூலியைக் குறைக்கச் சொல்லி நான் பேரம் பேச மாட்டேன்.